புறக்கடைப் பறவை விலக்கியல்: ஒரு முன்னாய்வு

கோழியைப் பற்றித் தமிழில் கையேடுகள் உண்டு. காக்கையைப் பற்றிப் பாட்டே உண்டு. இரண்டும் ஒரே கொல்லையில் ஒரே பிடி குருணையை ஒரே நேரத்தில் கொத்தும்போது நடப்பது என்ன என்பதை முறையாக ஆராயத்தான் ஆள் இல்லை. கால்நடைத் துறை இத்தொழிலுக்குப் 'புறக்கடைக் கோழி வளர்ப்பு' என்று அழகாகப் பெயர் வைத்து, கொட்டகையின் நீள அகலம், தடுப்பூசி அட்டவணை, அடர்தீவனக் கலவை என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்கிறது. கோழியோடு பந்திக்கு உட்காரும் மற்றப் பறவைகளை என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் 'வலை கட்டுங்கள்' என்று பதில் வரும். வலை கட்டிய புறக்கடை புறக்கடையா, கூண்டா என்ற தத்துவச் சிக்கலுக்குள் யாரும் நுழைவதில்லை. இந்த ஆய்வு நுழைகிறது. பகலில் அவிழ்த்துவிட்டு, பொழுது சாய்ந்தால் தானாக வந்து அடையும் நாட்டுக்கோழியை இங்கே 'இல்லப்பறவை' என்றும், அழைக்காமல் வருவதாக நாம் குற்றம்சாட்டும் காக்கை, மைனா, சிட்டுக்குருவி, புறா, பருந்து வகையறாக்களை 'அயற்பறவை' என்றும் கொள்வோம். நிறுவப்போகும் முடிவு இதுதான்: அயற்பறவை எதுவும் அழைக்காமல் வருவதில்லை. அழைப்பவர் வீட்டுக்காரர். அழைப்பிதழ், அவர் கையிலிருந்து மண்ணில் விழும் தானியம். ஆகவே விரட்ட வேண்டியது பறவையை என்று தொடங்கிய முறைகள் அனைத்தும், தொடங்கிய அன்றே தோற்றவை.

முதலில் களத்தை அறிவோம். அகப்பொருள் இலக்கணம் ஐந்து நிலங்களுக்கும் தனித்தனியே பறவைகளைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. மயிலும் கிளியும் குறிஞ்சிக்கு, கானங்கோழி முல்லைக்கு, நாரையும் அன்னமும் மருதத்துக்கு, கடற்காகம் நெய்தலுக்கு, பருந்தும் புறாவும் பாலைக்கு. ஒரு திணையின் பறவை இன்னொரு திணைக்குள் வந்தால் அதைத் திணைமயக்கம் என்று சொல்லி உரையாசிரியர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கொங்குநாட்டுத் தோட்டத்து வாசலில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால், கடற்காகத்தின் ஊர்க்கார உறவு ஓட்டின்மேல் இருக்கும். பாலைப் புறா குருணையில் இருக்கும். பாலைப் பருந்து தென்னைக்கு மேலே வட்டமிடும். குறிஞ்சி மயில் வேலியைத் தாண்டிக்கொண்டிருக்கும். மருதத்துக் கொக்கு சாக்கடை ஓரம் ஒற்றைக்காலில் நிற்கும். ஐந்து நிலமும் ஐந்து சென்ட்டுக்குள் மயங்கிக் கிடப்பதை எந்த உரையாசிரியரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. முல்லையைக் காணோமே என்று கேட்பவர் கோழியின் காலைப் பார்க்க வேண்டும். வீட்டுக்கோழி முதன்மையாகச் சிவப்புக் காட்டுக்கோழியின் வழித்தோன்றல் என்றாலும், அதன் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்து கலந்தது என்று 2008-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதாவது நம் இல்லப்பறவை, அயற்பறவையின் கால்களில் நின்றுகொண்டுதான் அயற்பறவையைப் பற்றிப் புகார் சொல்கிறது. வரையறையை முதல் பத்தியிலேயே செய்து முடித்துவிட்டதால் இதற்கு மேல் அதைக் கிளறுவதற்கில்லை.

இலக்கியச் சான்றுகளுக்கு வருவோம். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில், முற்றத்தில் காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த பறவையை ஒரு பெண் காதிலிருந்த கனமான பொற்குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறாள். குழை தரையில் கிடந்து, சிறுவர் உருட்டும் முச்சக்கரத் தேருக்குத் தடையாகிறது. நகரத்தின் செல்வச் செழிப்புக்குச் சான்றாகவே இந்தக் காட்சியை எல்லோரும் காட்டுவார்கள். நம் துறைக்கு முக்கியமானது, அங்கே எறிபட்ட பறவை எது என்பது. கோழி. சோழர் துறைமுகத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற பறவைதான் இன்று வாதியின் இடத்தில் நின்று காக்கைமேல் வழக்குப் போடுகிறது. தானியம் தரையில் கிடக்கும் இடத்தில் யார் இல்லத்தார், யார் அயலார் என்பது முறைவைத்து மாறும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை. அடுத்து, குறிஞ்சிப்பாட்டு. தினைப்புனத்தில் கிளி கடிவதற்கென்றே தழல், தட்டை, குளிர் என்று கருவிகள் இருந்ததை அது சொல்கிறது. கருவியோடு பரண்மேல் ஏறிய தலைவி, பாட்டு முடிவதற்குள் காதலில் விழுந்திருப்பாள். வள்ளியின் கதையும் அப்படித்தான். தமிழ் மரபில் பறவை விரட்டல் விளைவித்தது தானியத்தைவிடத் திருமணமே அதிகம் என்று தோன்றுகிறது. காக்கை பாடினியார் நச்செள்ளையாரோ எதிர்த்திசையில் போகிறார். விருந்து வரும் என்று கரைந்து சொன்ன காக்கைக்கு, தொண்டிச் சோற்றில் நெய் ஊற்றி ஏழு கலங்களில் வைத்தாலும் கைம்மாறு போதாது என்று குறுந்தொகையில் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குக்காகவே அவருக்குப் பெயரும் நிலைத்தது. காக்கையை விரட்டி இலக்கியத்தில் பெயர் வாங்கியவர் யாரும் என் தேடலில் அகப்படவில்லை.

இங்கேதான் சிக்கலின் வேர். காலையில் அதே வீட்டுக் கை, 'பா, பா, பா' என்று குருணையை வீசுகிறது. பகலில் அதே கை, மதில்மேல் ஒரு பிடி சோறு வைத்து 'கா, கா' என்று கூவுகிறது. இரண்டு அழைப்புக்கும் இடையே உள்ள எழுத்து வேறுபாட்டைக் காக்கை கவனித்து, முதலாவது கோழிக்கு, இரண்டாவது எனக்கு என்று பிரித்தறிய வேண்டும் என்பது நம் எதிர்பார்ப்பு. அமாவாசையன்று காக்கை வராவிட்டால் வீட்டில் கலக்கம். பிரதமையன்று வந்தால் கல்லடி. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத பறவை, முப்பது நாளும் அமாவாசை என்றே வைத்துக்கொண்டு வருவது அதன் நோக்கில் மிகவும் பாதுகாப்பான முடிவு. அதை விரட்டும் சொல்லையும் கவனிக்க வேண்டும்: 'ச்சூ, போ சனியனே!' சனிபகவானின் வாகனத்தை அவர் பெயரைச் சொல்லியே அதட்டுவது, வண்டியின் பதிவெண்ணைச் சொல்லி ஓரம் போகச் சொல்வது போன்றது. இறையியல் வழியில் இது மிகத் துல்லியமான விளி. செம்பருந்து விஷயத்தில் நிலைமை இன்னும் தர்மசங்கடம். அது தலைக்கு மேல் தாழ்ந்து பறந்தால் கருட தரிசனம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு கையும் கன்னத்தில் இருக்கும் கணத்தில்தான் குஞ்சு போகிறது. போதாததற்குக் குஞ்சின் தகப்பன் முருகன் கொடியில் இருக்கிறது. சேவலுக்கும் கருடனுக்கும் காக்கைக்கும் தனித்தனித் தெய்வப் பின்புலம் இருக்கையில், கையில் கவணோடு நிற்கும் வீட்டுக்காரர்தான் அந்தக் கொல்லையில் சிபாரிசு இல்லாத ஒரே உயிர். சட்டமும் அவர் பக்கம் சாயவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கையை எலியோடும் சுண்டெலியோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-இல் நிறைவேறிய திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது. திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 2023 ஏப்ரல் 1. நாளைக் காக்கைதான் தேர்ந்தெடுத்திருக்குமோ என்று ஓர் ஐயம்.

இனி விரட்டு கருவிகள். ஒரு கொல்லையில் என்ன தொங்குகிறது என்பதைக் கொண்டு, அந்த வீட்டுக்குள் எந்தத் தொழில்நுட்பம் எப்போது செத்தது என்று காலம் கணிக்கலாம். மண்ணடுக்காய்வு இதற்குப் பின்தான். அடி அடுக்கில் பனையோலை. அதன்மேல் கேசட்டிலிருந்து உருவிய பழுப்பு நாடா, காற்றில் உர்ரென்று அதிர. அதற்கும் மேல் சிடி, வெயிலில் பளபளத்துக்கொண்டு. எல்லா அடுக்கிலும் மாறாமல் கிடைப்பது, செத்த காக்கை என்று நம்பவைக்கக் கட்டிய கறுப்புப் பாலிதீன் பை. இக்கருவிகள் பயனற்றவை என்பார் வாதம் தவறு. முதல் சில நாள் அவை நன்றாகவே வேலை செய்யும். புதியது எதுவும் பறவைக்கு முதலில் ஆபத்து. பளபளப்பதோ அதிர்வதோ தன்னை ஒன்றும் செய்யவில்லை என்று கண்டபின் அதே பொருள் தோட்டத்து அலங்காரம். அதாவது, கருவி பழகிப்போகிறது. தானியம் மட்டும் ஒரு நாளும் பழகிப்போவதில்லை. தினமும் புதிதாக விழுவதை, தினமும் ஒரேபோல் தொங்குவது எப்படி வெல்லும்? வைக்கோல் பொம்மையின் கதை இன்னும் பரிதாபம். அமெரிக்காவின் சியாட்டிலில் 2006-இல் ஆய்வாளர்கள் குகைமனிதன் முகமூடி அணிந்து காக்கைகளைப் பிடித்து, வளையமிட்டு விட்டார்கள். ஆண்டுகள் கடந்தும் அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் சூழ்ந்து கத்தின. ஒப்பீட்டுக்காக அணிந்தது அப்போதைய துணை அதிபர் டிக் செனியின் முகமூடி; அதைப் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அது அமெரிக்கக் காக்கை, நம்மூர்க் காக்கை வேறு இனம் என்று மறுப்பவர் இருப்பார்; குடும்பம் ஒன்றுதான், படிப்பிலும் குறைச்சல் இல்லை. காக்கை ஆளை முகத்தால் அறிகிறது, அந்த முகம் தனக்குச் செய்ததைக் கொண்டு எடைபோடுகிறது என்பதே இதன் சாரம். நாம் செய்வது என்ன? கரிச்சட்டியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, யாருக்கும் எதுவும் செய்திராத ஒரு முகத்தைச் செய்து, அதற்கு வீட்டுக்காரரின் பழைய சட்டையை மாட்டுகிறோம். முகத்தைப் பார்க்கும் காக்கைக்கு அதில் பகை இல்லை. சட்டையையும் பார்க்கும் காக்கையாக இருந்தால், அது தினமும் குருணை வீசும் சட்டை. எப்படிப் பார்த்தாலும் பொம்மை விருந்தின் பெயர்ப்பலகைதான்.

இவ்விடத்தில் வலுவான ஒரு மறுப்பு எழும். காக்கையும் குருவியும் தானியத்துக்கு வரட்டும். பருந்து எப்போது கம்பு தின்றது? அதற்கும் வல்லூறுக்கும் வேண்டியது குஞ்சு. அவற்றையும் நாம்தான் அழைத்தோம் என்பது வீண்பழி அல்லவா? இதற்குப் பதில், குஞ்சுகள் எங்கே, எப்போது கூடுகின்றன என்பதில் இருக்கிறது. தன்போக்கில் விட்டால் தாய்க்கோழி குஞ்சுகளை வேலியோரமாக, ஆமணக்கின் அடியில், வைக்கோல்போர் நிழலில்தான் நடத்திக்கொண்டு போகும். வெட்டவெளியைக் குறுக்கே கடந்தால் விரைந்து கடக்கும். பன்னிரண்டு குஞ்சுகளும் கூரையில்லாத முற்றத்தின் நட்ட நடுவில், தலையைக் குனிந்தபடி, பத்து நிமிடம் அசையாமல் நிற்பது குருணை இறைத்த வேளையில் மட்டுமே. மேலிருந்து பார்க்கும் பருந்துக்கு அது இலைபோட்டு எண்ணிவைத்த பந்தி. கோழிக்குலத்தின் சொந்தக் காவல் ஏற்பாட்டையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வானத்திலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வரும் ஆபத்துக்கு வேறு குரல் என்று சேவல் வகுத்து வைத்திருப்பதை ஆய்வுக்கூடத்தில், தலைக்கு மேல் திரையில் பருந்து உருவத்தை ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். தனியாக இருக்கையில் சேவல் அவ்வளவாகக் கத்துவதில்லை, பெட்டை அருகில் இருந்தால்தான் அதிகம் எச்சரிக்கிறது என்பதும் தெரியவந்தது. ஆண்மையின் இலக்கணம் பற்றி எழுதுவோருக்கு இதை விட்டுவிடுகிறேன். வாயில் குருணை இருந்தாலும் அந்தக் குரல் வந்ததும் குஞ்சுகள் சிதறி ஓடும். ஓடி ஒளியப் புதர் வேண்டும்; முற்றத்தைச் சுத்தமாகப் பெருக்கி வைத்திருப்பது நாம். குஞ்சுக்கு இளஞ்சிவப்பும் பச்சையும் சாயம் பூசி விடுவது சில ஊர்களில் உண்டு. இது குஞ்சு அல்ல என்று பருந்து ஏமாறும் என்பது கொள்கை. நம்மைவிடக் கூர்மையான கண்ணுடைய பறவைக்கு இரையின்மேல் வண்ணக் குறியிட்டுக் கொடுப்பதில் ஒரு தாராள மனம் தெரிகிறது. முதல் வாரத்தில் அது தயங்கினால், தயங்குவது சிடிக்கு முன் தயங்கிய அதே காரணத்தால். கரிச்சானை நம்பலாம் என்போரும் உண்டு. முட்டையிட்ட காலத்தில் அந்தச் சிறு கரும்பறவை காக்கையையும் பருந்தையும் முதுகில் கொத்தி ஊர் எல்லை வரை துரத்தும் என்பது உண்மை. ஆனால் அது காப்பது தன் கூட்டை. குஞ்சுகள் பருவம் வந்து பறந்துபோனால் காவல் கலைந்துவிடும். மேலும் அயற்பறவையை விலக்க ஓர் அயற்பறவையையே வேண்டிக்கொள்வது இந்த ஆய்வின் தலைப்புக்குப் பொருந்தவில்லை.

இரண்டாவது மறுப்பு நோய். இதில் கேலிக்கு இடம் குறைவு. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் கொல்லை காலி. குமாவோன் மலையூரின் பெயரால் இராணிக்கேத் நோய் என்று அதைச் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் அதற்கே நியூகாசில் என்று பெயர். ஊர் ஊராகப் பழியைத் தள்ளிவிடுவதில் மனிதர்கள் ஒற்றுமை. பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் உறுதியானது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில். 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் செத்து விழுந்தன. அதே சமயம் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகள். ஆகவே பறவைகளை அண்டவிடக் கூடாது என்பது சரியே. ஆனால் நோய் பருந்தின் நிழலில் இறங்குவதில்லை. எச்சம் விழுந்த தண்ணீர்த் தொட்டியிலும், எல்லோரும் மிதித்துக் கொத்தும் தரைத் தீவனத்திலும் இறங்குகிறது. மறுபடியும் நாம் வைத்த இலைதான். வாரச்சந்தையில் விலை மலிவு என்று வாங்கி, அன்று மாலையே மற்றக் கோழிகளோடு அடைத்த சேவல் கொண்டுவரும் கழிச்சலையும் மைனாவின் கணக்கில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. முழுமையாக அடைத்து வைப்பதே தீர்வு என்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். அங்கே 2021 நவம்பர் 29 முதல் கோழிகளை உள்ளே அடைக்க ஆணை வந்தது. வெளியே கால் வைக்காத கோழியின் முட்டையைப் 16 வாரம் வரை 'மேய்ச்சல் கோழி முட்டை' என்றே விற்கச் சட்டம் அனுமதித்தது. 2022 மார்ச் 21 அன்று கெடு முடிய, அதே கோழி அதே மூலையில் இட்ட முட்டை 'கொட்டகை முட்டை' ஆனது. ஒரு கோழியின் சுதந்திரம் சரியாகப் பதினாறு வாரம் கெடாமல் இருக்கும் என்பதை வேறு எந்த நாட்டுத் தத்துவமும் இவ்வளவு நுட்பமாக அளந்ததில்லை. சட்டத்தை அவர்கள் பின்னர் திருத்திக்கொண்டார்கள். கோழிக்குத் தெரிவிக்கப்பட்டதா என்பதற்குச் சான்றில்லை.

மூன்றாவது மறுப்பைக் கொல்லைக்கு உரியவர்களே சொல்வார்கள்: இறைக்காவிட்டால் அது எப்படிக் கோழி வளர்ப்பு? கோழி சிந்தியதைப் பொறுக்கும் சாதி. தட்டில் வைத்துச் சோறூட்ட அது என்ன மாப்பிள்ளையா? சிந்தியதைப் பொறுக்குவது உண்மை. ஆனால் கோழி கிளறுவது நாம் இறைத்ததை எதிர்பார்த்து அல்ல. குப்பைக்கு அடியில் இருப்பதை எதிர்பார்த்து. இதை நன்கு அறிந்த பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஓட்டை விழுந்த மண்பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மக்கிய ஓலை எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பது. மேலே ஒரு கல். விடிந்ததும் பானையைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெள்ளையாக நெளியும். அதைப் பஞ்சாரத்துக்குள் தட்டினால், தாயும் குஞ்சும் மூங்கில் பிளாச்சுக்குள்ளேயே தின்று முடித்துவிடும்; பஞ்சாரத்தின் மேல் உட்கார்ந்து எட்டிப் பார்க்கும் காக்கைக்குக் கிடைப்பது அனுபவம் மட்டும். பெரிய கோழிகளுக்குக் கம்பையும் குருணையையும் தாழ்வாரத்தின் உள்மூலையில், கோழி முதுகு உயரத்தில் தொங்கும் டப்பாவில் வைத்து, அரை மணியில் எடுத்துவிடலாம். தண்ணீரையும் கூரைக்குள் வைக்கலாம். காக்கை தாழ்வாரத்துக்குள் வராதா என்றால், வரும். இரண்டு அடி வரும், நிலைப்படியைப் பார்க்கும், திரும்பும். சிட்டுக்குருவி நேராக உள்ளே வந்து டப்பா விளிம்பில் உட்காரும், மறுக்கவில்லை. முப்பது கிராம் கூடத் தேறாத அந்தப் பறவைக்கு மார்ச் 20-இல் உலகச் சிட்டுக்குருவி தினம் கொண்டாடி, அட்டைப்பெட்டியில் கூடு செய்து ஓட்டுக்கடியில் மாட்டும் அதே வீட்டார், அது தின்னும் நான்கு மணிக்குக் கணக்குக் கேட்பது சரியல்ல. மயில் பற்றி இந்த ஆய்வு ஒன்றும் சொல்லாது. அது தேசியப் பறவை, முருகனின் ஊர்தி, சட்டத்தின் முதல் அட்டவணை. வந்தால் வழிவிட்டு நிற்பதே முறை.

ஒரேயொரு விதிவிலக்கைக் குறிப்பிட்டுவிடுவது ஆய்வு நேர்மை. மேற்கண்ட எல்லாவற்றையும் சீராகச் செய்து முடித்த கொல்லையிலும் அமாவாசை வரும். நண்பகலில் மதில்மேல் வாழையிலைத் துண்டு, அதில் சோறு, பருப்பு, ஒரு வடைத் துண்டு, மேலே இரண்டு சொட்டு நெய். 'கா, கா' என்று அழைப்பு. மாதம் முழுக்க இறைத்த தீவனம் கிடைக்காததால் காக்கை வேறு தெருவுக்கு மாறிப்போயிருக்கும், வரத் தாமதமாகும். சாய்ந்த முருங்கையில் ஏறி மதிலுக்குத் தாவ நாட்டுக்கோழிக்கு ஒரு நொடி போதும். அதன் பின்னாலேயே இன்னொன்று. இலையில் முதல் கொத்து விழும் முன், விரதத்தோடு காத்து நிற்கும் அப்பத்தா கையிலிருந்த கரண்டியை ஓங்கிக்கொண்டு ஓடிவருவார். 'ச்சூ, ச்சூ! சாமி சோத்துல வாய வைக்காத! பெரியவுக வரட்டும்!' கோழி இறக்கையடித்துக்கொண்டு தெருப்பக்கம் குதிக்கும். மதில் காலியாகும். எதிர்வீட்டு மின்கம்பியில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து, கரண்டியைப் பார்க்கும்.